மெருகம்மாவும் மூன்று முட்டைகளும்

"அண்ணி, உங்க வீட்டு டெலிஃபோன் என்னைப் பார்த்துக் கத்துது."

நாத்தனார் கண்ணாடிக் கடை வாசலில் நின்று மூச்சு வாங்கினாள். கையில் குடை இருந்தது. காலில் வீட்டுக்குள் போடுகிற செருப்பு. இரண்டு தெரு தள்ளியிருக்கும் தன் வீட்டிலிருந்து வழியில் யாரோடும் பேசாமல் வந்திருக்கிறாள் என்றால் விஷயம் பெரிதுதான்.

"கத்துதா? எப்படிக் கத்துது?" என்று கேட்டாள் மெருகம்மா. குரலில் கவலையே இல்லை. நன்றாகக் கவனித்தால் கொஞ்சம் சந்தோஷம்கூடத் தெரிந்தது.

"ஹலோங்கறேன், கீ...ன்னுது. யார் பேசறதுங்கறேன், குர்ர்ர்...ன்னுது. அண்ணனுக்கு என்னவோ ஆயிடுச்சுன்னு ஓடி வரேன்."

"உங்க அண்ணன் அதோ உட்கார்ந்து கண்ணாடி வெட்டிக்கிட்டிருக்கார். உங்களுக்குப் பதில் சொன்னது என் கம்ப்யூட்டர்."

"அது பதிலா?"

"இன்னொரு மெஷினுக்கு அதுதான் பதில். உங்களை ஃபேக்ஸ்னு நினைச்சிடுச்சு."

"என்னைப் பார்த்தா ஃபேக்ஸ் மாதிரியா இருக்கு?" என்று நாத்தனார் தன் அண்ணனிடம் முறையிட்டாள்.

வெட்டுக்காரர் தலை நிமிரவில்லை. கண்ணாடி மேல் வைரமுனை ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் யாருக்கும் நிமிர மாட்டார். கோட்டைக் கடைசிவரை இழுத்து, கண்ணாடியின் அடியில் லேசாகத் தட்டி, துண்டு பிரிந்து கையில் வந்தபிறகுதான் சொன்னார். "நேத்து அது என்னையும் பார்த்துக் கத்திச்சு. நான் பதிலுக்குக் கத்தினேன். வச்சுடுச்சு."

மெருகம்மா என்பது அவள் பெயர் அல்ல. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஆட்கள் கடைக்கு வழி கேட்பார்கள். கணவர் வெட்டிக் கொடுக்கும் கண்ணாடியின் விளிம்பைச் சாணைக்கல்லில் தேய்த்து மெருகேற்றுவது அவள் வேலை. அவள் தேய்த்த விளிம்பைக் கண்ணை மூடிக்கொண்டு தடவினால் எங்கே தொடங்கினாள், எங்கே முடித்தாள் என்று கண்டுபிடிக்க முடியாது. அதில் அவளுக்கிருந்த பெருமையை வெளியே காட்டிக்கொள்வதில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் "தடவிப் பாருங்க, தப்பில்லை" என்று நீட்டுவதை அவள் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்தப் பெருமைக்கு ஒரே ஒரு எதிரி டெலிஃபோன். கல் சுற்றுகிறது, தண்ணீர் சொட்டுகிறது, விளிம்பு பாதியில் நிற்கிறது, அப்போது பார்த்து மணி அடிக்கும். கணவர் எடுக்க மாட்டார். அவள்தான் ஈரக்கையோடு ஓட வேண்டும். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால், அந்த இடத்தில் ஒரு சின்னத் தழும்பு. வேறு யார் கண்ணுக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும். இருபத்தாறு வருஷமாக ஒரு பெரிய வட்டத்தைக்கூட அவள் நடுவில் எழுந்திருக்காமல் தேய்த்து முடித்ததில்லை.

கல்லூரி ஒன்றின் கம்ப்யூட்டர் கூடத்தில் வேலை பார்க்கும் தம்பி, அங்கே கழித்துக்கட்டிய ஒரு பெட்டியில் லினக்ஸ் போட்டு, கூடவே அதை டெலிஃபோனோடு இணைக்க ஒரு மோடமும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

"அக்கா, இது ஃபோனும் எடுக்கும், ஃபேக்ஸும் வாங்கும். ஆனா எடுத்த எடுப்பிலே எடுக்காது. எல்லாத்தையும் எழுதி வைக்கணும். நான் லீவுல வந்து போட்டுத் தரேன்."

"எழுதறதுதானே? எனக்கு எழுதத் தெரியாதா?"

"அது வேற எழுத்துக்கா. ஒரு புள்ளி விட்டுப்போனாக்கூட வேலை செய்யாது."

"விளிம்புல ஒரு மயிரிழை விட்டுப்போனா நான் விடுவேனா? நீ அந்தக் காகிதத்தையெல்லாம் வச்சிட்டுப் போ."

அவன் அச்செடுத்து வைத்துப்போன விளக்கத்தாள்கள் ஒரு தலையணை உயரம் இருந்தன. பதினோரு நாளில் அவள் முக்கால் தலையணை படித்துவிட்டாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடுவதற்குப் பயப்படுவதை மூன்றாம் நாளே விட்டாள். ஐந்தாம் நாள் மோடமின் சிவப்பு விளக்கு அவள் சொன்ன சொல்லுக்குக் கண் சிமிட்டியது. பதினோராம் நாள் மணி அடித்ததும் மெஷின் தானாக எடுத்தது. கணவரைக் கூப்பிட்டு, நின்று வேடிக்கை பார்க்கச் சொன்னாள். மறுநாள் அது எடுத்த முதல் அழைப்புதான் நாத்தனாருடையது.

தம்பிக்கு ஃபோன் போட்டாள்.

"மனுஷங்க பேசினாலும் கீ...ன்னு கத்துதுடா."

"அந்த அமைப்புக் கோப்புல குரலுக்குன்னு ஒரு வரி இருக்கும். அதுக்கு முன்னாடி வேலி மாதிரி ஒரு குறி இருக்கா?"

"இருக்கு."

"வேலி இருந்தா அந்த வரி தூங்குதுன்னு அர்த்தம். வேலியை எடு. அப்புறம் உன் குரலைப் பதிஞ்சு வை. முதல்ல உன் குரல் பேசும். அந்தப் பக்கம் மனுஷங்கன்னா சேதியைப் பதிஞ்சுக்கும், ஃபேக்ஸ்னா தாளை வாங்கிக்கும்."

வேலியை எடுத்தாள். குரல் பதிய உட்கார்ந்தாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பள்ளிக்கூட மேடையில் நிற்பதுபோல நிமிர்ந்து, "வணக்கம். இது கண்ணாடிக் கடை. உங்கள் கண்ணாடியை எங்களிடம் நம்பிக் கொடுக்கலாம்" என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். கேட்க அவளுக்கே பிடித்திருந்தது. ஆகவே முழுவதையும் ஒருமுறை கேட்கப் பொறுமை இல்லாமல் அப்படியே போட்டுவிட்டாள்.

அடுத்த இரண்டு நாள் ஒருவரும் கண்ணாடி கேட்டுச் சேதி விடவில்லை. மூன்றாம் நாள் நாத்தனார் மறுபடி நேரில் வந்தாள்.

"இப்ப கத்தலை அண்ணி. ரொம்ப அழகாப் பேசறீங்க. ஆனா ஏன் அந்த மாதிரி முடிக்கறீங்க?"

"எந்த மாதிரி?"

"நீங்களே கேளுங்க."

கேட்டாள். "உங்கள் கண்ணாடியை எங்களிடம் நம்பிக் கொடுக்கலாம்" என்று அவள் குரல் முடிகிறது. உடனே பின்னால் படாரென்று ஏதோ உடைகிறது. அதற்குமேல் வெட்டுக்காரரின் குரல், மிகத் தெளிவாக: "போச்சு. இதுவும் போச்சு."

"ஏங்க, நான் பேசும்போதுதான் உடைக்கணுமா?"

"நான் எங்க உடைச்சேன்? நீ மேடைப் பேச்சு மாதிரி ஆரம்பிச்சே, யார் வந்துட்டாங்கன்னு திரும்பிப் பார்த்தேன். அது உடைஞ்சுது."

"இத்தனை வருஷத்துல தலை நிமிராதவர் அன்னிக்குன்னு நிமிரணுமா?"

கணவரைக் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் உட்காரவைத்துவிட்டு மறுபடி பதிந்தாள். இந்த முறை ஏழு தடவை கேட்டுப் பார்த்தாள். குறை ஒன்றும் இல்லை. கடைக்குள் நடக்கும்போதே அவள் நடையில் ஒரு மாற்றம் வந்துவிட்டது. தலையணை உயரத் தாளைப் படித்து முடித்தவளின் நடை அது.

மறுநாள் முதல் ஃபேக்ஸ் வந்தது.

கடிகாரம் பழுது பார்ப்பவர் அனுப்பியிருந்தார். ஒரு சுவர்க் கடிகாரத்துக்கு முகப்புக் கண்ணாடி வேண்டும். கண்ணாடி பொருந்தவேண்டிய வளையத்தைத் தாளில் வைத்துச் சுற்றி வரைந்து, அந்தத் தாளை அனுப்பியிருந்தார். முன்பெல்லாம் அவரே அதை எடுத்துக்கொண்டு வர வேண்டும். இப்போது தாள் தானாக வந்துவிட்டது. மெருகம்மா அதை அச்செடுத்து, இரண்டு கையாலும் ஏந்தி, கணவர் மேஜையில் வைத்தாள்.

வெட்டுக்காரர் பார்த்தார். "முட்டையா இருக்கே."

"என்ன?"

"வடிவம். படுத்த முட்டை மாதிரி இருக்கு."

"இப்பல்லாம் கடிகாரம் எல்லா வடிவத்துலயும் வருதுங்க. தாள் என்ன சொல்லுதோ அதானே உங்க சட்டம்?"

அதுதான் அவர் சட்டம். கடைச் சுவரில் பலகையே மாட்டியிருந்தார்: 'வாய்ச்சொல்லுக்கு வெட்டுவதில்லை. தாளுக்கே வெட்டப்படும்.' இந்த நீளம் இருக்கும் என்று கையை அகட்டிக் காட்டுகிறவர்கள், வீட்டுக்குப் போவதற்குள் கையின் அகலத்தை மறந்துவிடுகிறார்கள் என்பது அவர் கண்டது. அதனால் தாள் வேண்டும். தாளை மேஜையில் விரித்து, அதன்மேல் கண்ணாடியை வைத்து, அடியில் தெரியும் கோட்டின்மேலேயே வைரமுனையை ஓட்டுவார். கோடு எங்கே போனாலும் அவர் அங்கே போவார். ஏன் போகிறது என்று கேட்க மாட்டார். கேட்பது தொழில் மரியாதை இல்லை.

"கையெழுத்துகூட நசுங்கிக் கிடக்கு" என்றார்.

"அவர் கையெழுத்து என்னிக்கு நிமிர்ந்து நின்னுச்சு?"

வெட்டினார். அவள் மெருகேற்றினாள். இரண்டு நாள் கழித்துக் கடிகாரக்காரர் வந்து, பொட்டலத்தைப் பிரித்து, கண்ணாடியைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"விளிம்பைத் தடவிப் பாருங்க" என்றாள் மெருகம்மா.

"விளிம்பு பிரமாதம்மா. ஆனா இதுக்கேத்த மாதிரி என் கடிகாரத்தை யார் மிதிக்கறது?"

அவர் வரைந்த மூலத்தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து விரித்தார். நல்ல வட்டம். நிலா மாதிரி வட்டம். அச்செடுத்த தாளில் அதன் அகலம் அப்படியே இருந்தது, உயரம் மட்டும் சரிபாதி.

தம்பி ஃபோனில் சிரித்தான். சிரித்து முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"சாதாரண ஃபேக்ஸ்ல குறுக்குக் கோடு பாதிதான் வரும்கா. அச்செடுக்கும்போது உயரத்தை ரெண்டு மடங்காக்குன்னு நீதான் சொல்லணும். அது எந்தப் பக்கத்துல இருக்குன்னா..."

"தெரியும். நான் படிக்காம விட்ட கால் தலையணையிலதான் இருக்கும்."

அங்கேதான் இருந்தது. உயரம் இரண்டு மடங்கு என்று ஒரு வரி சேர்த்தாள். கடிகாரக்காரரின் ஃபேக்ஸை மறுபடி அச்செடுத்தாள். நிலா எழுந்து உட்கார்ந்தது. அதைக் கணவரிடம் காட்டி, நாத்தனாரிடம் காட்டி, எதிர்க்கடைப் பூட்டுக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

"வட்டம்தானே?" என்றார் பூட்டுக்காரர், இதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல்.

"வட்டமேதான்" என்றாள் அவள்.

அடுத்த ஃபேக்ஸ் படச்சட்டக் கடைக்காரரிடமிருந்து வந்தது. ஒரு குழந்தைப் படத்தின் சட்டத்துக்குக் கண்ணாடி வேண்டும். இப்போது வந்தது நின்ற முட்டை.

"இது என்ன, இப்ப நிக்குது?" என்றார் வெட்டுக்காரர்.

"தாளை நான் சரிபண்ணிட்டேங்க. இனிமே தாள்ல இருக்கறதுதான் சரி. வெட்டுங்க."

வெட்டினார். படச்சட்டக்காரர் கண்ணாடியை வாங்கிச் சட்டத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "குழந்தை முகத்துக்குக் கண்ணாடி கேட்டேன். நீங்க குதிரை முகத்துக்கு வெட்டி வச்சிருக்கீங்க."

தம்பி இந்தமுறை சிரிக்கக்கூட இல்லை. "அவர் மெஷின் துல்லியமா அனுப்பற ரகம்கா. அதுல கோடு முழுசாவே வரும். அதையும் போய் ரெண்டு மடங்காக்கினா? எந்த ரகம்னு பார்த்துட்டு அச்செடுக்கச் சொல்லி இன்னும் ஒரு நாலு வரி எழுதணும். வந்த ஃபேக்ஸையெல்லாம் அது ஒரு குறிப்புல பதிஞ்சு வைக்கும், அதுல ரகம் இருக்கும், அதைப் படிச்சு..."

"எனக்குக் கண் இருக்கும்போது எதுக்கு நாலு வரி? முட்டையா வந்தா நானே திரையில பார்த்து அமுக்கிட்டுப் போறேன்."

"அக்கா, கண்ணை நம்பாதே."

"யார்கிட்ட சொல்றே? மயிரிழைத் தழும்பைப் பார்க்கற கண்ணுடா இது."

அன்று மாலை வெட்டுக்காரர் கைகழுவிக்கொண்டே, அவளைப் பார்க்காமல் பேச்செடுத்தார்.

"முப்பது வருஷத்துல தாளுக்கு வெட்டி ஒரு கண்ணாடி திரும்பி வந்ததில்லை. இப்ப ஒரு மாசத்துல ரெண்டு வந்திருக்கு. ஊர்ல நம்மை முட்டைக்கடைங்கறாங்களாம். தங்கச்சி சொன்னா."

"உங்க தங்கச்சி சொல்லாம வேற யார் சொல்லுவா?"

"அந்தப் பெட்டியை எடுத்து வச்சிடலாமே."

மெருகம்மா சாணைக்கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்துவிட்டுத்தான் வாய் திறந்தாள்.

"இன்னும் ஒரே ஒரு கண்ணாடி. அதுவும் தப்பாப் போச்சுன்னா நானே அதை மூட்டை கட்டித் தம்பிக்கு அனுப்பிடறேன். பழையபடி ஃபோன் அடிச்சா எழுந்து ஓடறேன். உயிர் இருக்கற வரைக்கும் ஓடறேன். போதுமா?"

வெட்டுக்காரர் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

அந்த ஒரே ஒரு கண்ணாடிக்கான ஃபேக்ஸ் நான்காம் நாள் காலையில் வந்தது. சாதாரண இடத்திலிருந்து வரவில்லை. துறைமுகத்தில் இருக்கும் பயணிகள் கப்பல் அலுவலகத்திலிருந்து வந்தது. கப்பலில் உள்ள அறைகளுக்கெல்லாம் முகம் பார்க்கும் கண்ணாடி மாற்றப்போகிறார்கள். ஃபேக்ஸில் மூன்றே வரி: 'படத்தின் அளவே அளவு. மாதிரிக்கு ஒன்று அனுப்பவும். சட்டத்தில் பொருந்தினால் மற்ற எல்லா அறைகளுக்கும் உங்களிடமே வாங்குவோம்.' கீழே படம்.

திரையில் அந்தப் படத்தைப் பார்த்ததும் மெருகம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். நின்ற முட்டை.

"வா, உன்னைத்தான் எதிர்பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றாள்.

கணவர் கண்ணாடிப் பலகைகளை இறக்கிவைக்க வெளியே போயிருந்தார். அவள் படத்தைத் தலையில் கைவைத்து அமுக்குவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கினாள். கொஞ்சம் குட்டையானது. இன்னும் கொஞ்சம். அகலமும் உயரமும் சமமாகி, கண்ணுக்கு வட்டம் என்று பட்டதும் கையை எடுத்தாள். அச்செடுத்துக் கணவர் மேஜையில் வைத்தாள்.

"வட்டம்" என்றார் அவர், நிம்மதியோடு.

"பின்னே?" என்றாள் அவள்.

அன்று வெட்டியதுபோல அவரே அதுவரை வெட்டியதில்லை. அவள் கல்லில் உட்கார்ந்தாள். தண்ணீரைத் திறந்தாள். விளிம்பைக் கல்லில் வைத்த அரை நிமிஷத்தில் டெலிஃபோன் அடித்தது. இருபத்தாறு வருஷப் பழக்கத்தில் கால் எழுந்துவிட்டது. உட்கார் என்று காலுக்குச் சொன்னாள். மூன்றாம் மணியில் மெஷின் எடுத்தது. "வணக்கம், இது கண்ணாடிக் கடை" என்று அவள் குரல் கடைக்குள் அவளுக்கே கேட்டது. அவள் எழுந்திருக்கவில்லை. இன்னொருமுறை அடித்தது. எழுந்திருக்கவில்லை. மொத்தம் நான்கு தடவை. அந்த வட்டத்தைத் தொட்ட இடத்தில் தொடங்கி, முழுதாகச் சுற்றி, தொட்ட இடத்திலேயே வந்து முடித்தாள்.

தண்ணீரை நிறுத்திவிட்டு, கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினாள். இரண்டாவது சுற்றும் ஓட்டினாள்.

"என்ன ஆச்சு?" என்றார் வெட்டுக்காரர்.

"ஒண்ணும் ஆகலைங்க. தழும்பே இல்லை."

அவர் வந்து தடவிப் பார்த்தார். இருபத்தாறு வருஷத்தில் அவள் கேட்காமலே அவர் தடவிப் பார்த்தது அன்றுதான். "ம்" என்றார். அவர் அகராதியில் அதைவிடப் பெரிய சொல் கிடையாது.

கண்ணாடி வண்டியேறிப் போயிற்று. இரண்டு நாள் அவள் தரையில் நடக்கவில்லை. மூன்றாம் நாள் காலை தம்பிக்கு ஃபோன் செய்தாள், விவரம் சொல்வதற்கு. பெருமை அடித்துக்கொள்ள என்று சொன்னாலும் தப்பில்லை.

"எவ்வளவு அமுக்கினேக்கா? பாதிதானே?"

"வட்டமாகற வரைக்கும் அமுக்கினேன்."

"அதான், எவ்வளவு? மெஷின் தப்புப் பண்ணினா சரியா ரெண்டு மடங்கு, இல்லேன்னா சரியாப் பாதி. கால், அரைக்கால்னு தப்புப் பண்ண அதுக்குத் தெரியாது. முதல்ல வந்த படத்தை அளந்து பாரேன்."

முதலில் வந்த படத்தை அப்படியே அச்செடுத்து அளந்தாள். அகலம் பதினெட்டு சென்டிமீட்டர். மெஷின் தப்பு என்றால் உயரம் முப்பத்தாறாக இருக்க வேண்டும். இருபத்துநான்குதான் இருந்தது. தப்பு அளந்துவிட்டோம் என்று இன்னொருமுறை அளந்தாள். இருபத்துநான்கு அசையவில்லை.

"அந்தக் குறிப்புல என்ன ரகம்னு போட்டிருக்கு?" என்றான் தம்பி.

பார்த்தாள். சாதாரண ரகம் என்று இருந்தது. அப்படியென்றால் இரண்டு மடங்காக்கியது சரி. மெஷின் சரி. வந்த தாளும் சரி. தாளில் இருந்தது உண்மையிலேயே முட்டை. அதைத்தான் அவள் தலையில் கைவைத்து அமுக்கியிருக்கிறாள்.

"அக்கா? அக்கா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேண்டா. என் மெஷின் தப்புப் பண்ணலை. நான்தான் பண்ணியிருக்கேன்."

ஃபோனை வைத்தாள். மறைத்திருக்கலாம். கப்பல்காரர்கள் பொருந்தவில்லை என்று சொல்லும்போது, அவர்கள் அளவுதான் தப்பு என்று சாதித்திருக்கலாம். அவளுக்கு அது தோன்றவே இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரம் தோன்றியது. பிறகு கணவர் முன்னால் போய் நின்றாள்.

"ஏங்க, நான் தாளைத் திருத்திட்டேன்."

வைரமுனை பாதிக் கோட்டில் நின்றது. "எதை?"

"கப்பல்காரங்க தாளை. அவங்க முட்டைதான் கேட்டிருந்தாங்க. நான் வட்டமாக்கிட்டேன்."

"தாளையா திருத்தினே?" என்றார் அவர் மறுபடியும். வேறு எதைச் செய்திருந்தாலும் அவருக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. சுவரில் இருந்த பலகையை ஒருதரம் பார்த்தார். அவள் கண்ணையும் ஒருதரம் பார்த்தார். ஆனால் திட்டவில்லை. ஒரு புதுக் கண்ணாடியை எடுத்து மேஜையில் வைத்தார்.

"அந்த முதல் தாளைக் கொண்டா. அவங்க பார்க்கறதுக்கு முன்னாடி நாமளே போய் மாத்திடலாம்."

முட்டையாகவே வெட்டினார். அவள் தேய்த்தாள். அன்றைக்கும் டெலிஃபோன் அடித்தது, மெஷின் எடுத்தது. அவள் குரல் வணக்கம் சொல்வதை அவள் கடைசிவரை கேட்டாள். நாளைக்கு இந்நேரம் அந்தப் பெட்டி மூட்டைக்குள் இருக்கும். சொன்ன சொல் சொன்னதுதான். கிளம்புவதற்கு முன்னால் பழைய சாக்கு ஒன்றை எடுத்து, மோடத்துக்குப் பக்கத்தில் மடித்தும் வைத்துவிட்டாள்.

கப்பல் அலுவலகத்தில் நிர்வாகியின் அறைக்கு ஒரே ஒரு பெரிய ஜன்னல். ஜன்னல் ஓரத்தில் தச்சர் ஒருவர் நின்றுகொண்டு, காதில் பென்சிலோடு எதையோ உளியால் செதுக்கிக்கொண்டிருந்தார். நிர்வாகி மேஜையெல்லாம் காகிதம்.

"உட்காருங்க. எந்தக் கடை?"

உட்கார்ந்தால் சொல்ல வராது என்று மெருகம்மா நின்றபடியே சொன்னாள்.

"மூணு நாளைக்கு முன்னாடி உங்களுக்கு வட்டமா ஒரு கண்ணாடி வந்திருக்கும். அது எங்களது. அது தப்புங்க. நீங்க அனுப்பின தாள்ல வேற வடிவம் இருந்துச்சு. எங்க மெஷின் அதைச் சரியாத்தான் வாங்கிச்சு. நான்தான் மெஷினை நம்பாம கையை வச்சுட்டேன். அது எனக்காகப் போட்ட மெஷின், நானே போட்டது. அதுமேல பழி வரக்கூடாது. இதோ, தாள்ல இருந்தபடியே கொண்டுவந்திருக்கோம்."

பொட்டலத்தைப் பிரித்து முட்டைக் கண்ணாடியை மேஜையில் வைத்தாள்.

வெட்டுக்காரர் முன்னால் வந்தார். வீட்டில் ஒரு மாதத்துக்குப் பேசுகிற பேச்சை அங்கே ஒரே மூச்சில் பேசினார். "தப்புன்னா என் பேர்ல எழுதிக்குங்க. வெட்டறது நான். ஆனா முதல்ல அனுப்பின கண்ணாடியைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி, ஒரே ஒரு தடவை அந்த விளிம்பைத் தடவிப் பாருங்க. அது நடுவுல எழுந்திருக்காம தேய்ச்சது. அப்படி ஒண்ணு இந்த ஊர்ல வேற யார் கையிலயும் வராது. இவங்களுக்கு மட்டும்தான் வரும்."

மெருகம்மா கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் காதெல்லாம் சிவந்து, சுவரில் இருந்த கப்பல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிர்வாகி முட்டைக் கண்ணாடியைக் கையில் எடுத்தார். இப்படியும் அப்படியும் திருப்பினார். பெருமூச்சு விட்டார்.

"இதோட நாலு" என்றார் தச்சரிடம்.

தச்சர் உளியைக் கீழே வைத்துவிட்டு, அதுவரை செதுக்கிக்கொண்டிருந்ததைத் தூக்கிக்கொண்டு மேஜைக்கு வந்தார். வட்டமான மரச்சட்டம். அதற்குள் வட்டமான கண்ணாடி, நகம் நுழைய இடமில்லாமல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. நிர்வாகி அதைத் தொட்டுக் காட்டினார்.

"மத்த மூணு கடைக்காரங்களும் தாள்ல இருந்தபடியே முட்டையா வெட்டி அனுப்பினப்புறம்தான், எங்க ஃபேக்ஸ்ல உருளை தேஞ்சு போய் எல்லா வட்டத்தையும் இழுத்து நீட்டித்தான் அனுப்புதுன்னு எங்களுக்கே நேத்துத் தெரிஞ்சது, உங்க கைக்கு மட்டும் அது எப்படிம்மா முன்னாடியே தெரிஞ்சது?"